முதல் கோட்-சூட் தைக்கக் கொடுக்கும்போது

அளவெடுத்துத் தைக்கும் கோட்-சூட்டிலும் சட்டையிலும் பாதி வேலை துணியைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தில் சிட்கோ தொழிற்பேட்டையும் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் இருக்கின்றன. ஜிஎஸ்எம் (துணியின் எடை), கவுண்ட் (நூலின் பருமன்), ஷ்ரிங்கேஜ் (சுருக்கம்) எல்லாம் அந்த வட்டாரத்தில் அன்றாடப் பேச்சு. ஆனால் அங்கே பெரும்பாலும் ஓடுவது பின்னல் துணி. வளையம் வளையமாகக் கோத்த நூல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதனால் 'எம்' அளவு டி-ஷர்ட் ஒன்று பலவித உடம்புக்கும் பொருந்திவிடுகிறது. கோட்டும் ஃபார்மல் சட்டையும் பாவும் ஊடையுமாக நெய்த துணியில் தைப்பவை. அந்தத் துணி வளைந்து கொடுக்காது. தோளில் அரை இன்ச் தவறினால் தவறு அப்படியே வெளியே தெரியும். வெளிநாட்டு பையரைச் சந்திக்கப் போகும் மெர்ச்சன்டைசருக்கும், பனியன் துணியிலேயே வளர்ந்தவராக இருந்தாலும், இது புதுப் பாடம்தான்.

கடையில் சூட் துணி என்று விரித்துக் காட்டுவதெல்லாம் ஒன்றல்ல. விலை குறைந்தவற்றில் பெரும்பகுதி பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலவை. ராஜஸ்தானின் பில்வாரா அதற்குப் பேர்போன ஊர். கலவை கசங்காது, உழைக்கும். ஆனால் வெயிலில் உடம்போடு ஒட்டும். கம்பளி என்றதும் குளிருக்கானது என்று ஒதுக்க வேண்டியதில்லை. முழு அகலத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 240 முதல் 270 கிராம் வரையுள்ள மெல்லிய கம்பளி, காற்றை உள்ளே விட்டு வியர்வையையும் வெளியேற்றும். முதுகில் பாதிக்கு மட்டும் லைனிங் வைக்கச் சொன்னால் கொங்கு வெயிலுக்கு இன்னும் நல்லது. சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். துணியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் சூப்பர் 100, சூப்பர் 120 என்பவை கம்பளி இழையின் நுண்மையைச் சொல்பவை. எண் ஏற ஏறத் துணி மென்மையாகும், சீக்கிரம் தேயவும் செய்யும். அலுவலகத்துக்கு இந்த இரண்டே போதும்.

58 இன்ச் அகலத் துணியில் கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் சேர்த்து 3 முதல் 3.25 மீட்டர் ஆகும். கோட்டை விடப் பேண்ட் முன்னதாகவே தேய்ந்துவிடும் என்பதால் இரண்டாவது பேண்ட்டுக்கு இன்னொரு 1.25 மீட்டரை அப்போதே, அதே ரோலிலிருந்து வெட்டி வாங்குவது உத்தமம். லாட் மாறினால் ஷேடு மாறும் என்பதைத் திருப்பூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் சூட்டுக்குக் கருநீலமோ அடர் சாம்பலோ ஏற்றது. இரண்டும் எந்தச் சட்டையோடும் சேரும்.

சட்டைக்குப் பருத்திதான். அதில் கவனிக்க வேண்டியது சுருக்கம். துணி 3 சதவீதம் சுருங்கினால் 16 இன்ச் காலரில் ஏறக்குறைய அரை இன்ச்சும், 25 இன்ச் கையில் முக்கால் இன்ச்சும் போய்விடும். ஆலையிலேயே துணியைச் சுருக்கி அனுப்பும் முறைக்கு அமெரிக்காவின் சான்ஃபோர்ட் கிளூயட் 1930-ல் காப்புரிமை பெற்றார். சான்ஃபரைஸ்டு என்ற முத்திரை அவர் பெயரால் வந்தது. அந்த முத்திரை இல்லாத துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும்.

கோட்டின் தரம் உள்ளே இருக்கிறது. மார்புப் பகுதி விறைப்பாக நிற்க உள்ளே ஒரு தாங்கு துணி உண்டு. அதைப் பசையால் ஒட்டுவது ஃபியூசிங். தைத்து இணைப்பது கேன்வாஸ். ஒட்டியது விலை குறைவு, ஆனால் சலவையிலும் வெப்பத்திலும் பசை விட்டுக் கொப்புளம் எழும்பக்கூடும். கடையில் தொங்கும் மாதிரிக் கோட்டின் கடைசிப் பொத்தான் பக்கம் வெளித்துணியையும் உள்துணியையும் இரு விரலால் தனித்தனியே பிடித்து இழுத்தால், நடுவில் மூன்றாவது படலம் ஒன்று தனியே நழுவுவது தெரியலாம். தெரிந்தால் அது முழு கேன்வாஸ். கீழே அப்படி எதுவும் தட்டாமல் மார்பருகே மட்டும் தட்டினால் அரை கேன்வாஸ். முதல் சூட்டுக்கு அதுவே நியாயமான தேர்வு.

அளவு கொடுக்கப் போகும்போது வழக்கமாகப் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு, கையில் வாட்ச் கட்டி, இயல்பாக நிற்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக் கொடுக்கும் அளவு பிறகு உட்காரும்போது உயிரை எடுக்கும். வாட்ச் கட்டும் கையின் கஃப் கால் இன்ச் கூடுதலாக இருக்கட்டும். ட்ரையலைத் தவிர்க்கும் கடையில் கோட் கொடுக்காமல் இருப்பதே நல்லது. வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்ட அரைகுறைக் கோட்டை மாட்டி, கையைக் கட்டி, உட்கார்ந்து, குனிந்து பார்க்க வேண்டும். பின்கழுத்தில் சட்டைக் காலருக்கும் கோட் காலருக்கும் நடுவே இடைவெளி விழக்கூடாது. தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். தொங்கவிட்ட கையில் சட்டை கஃப் அரை இன்ச் தெரிய வேண்டும். இடுப்பையும் கை நீளத்தையும் பிறகு ஆல்டர் செய்யலாம். தோளைத் திருத்துவது கோட்டையே பிரிப்பதற்குச் சமம். பேண்ட்டின் பின்தையலிலும் கோட்டின் பக்கத் தையலிலும் ஒரு இன்ச் துணியை உள்ளே விட்டுவைக்கச் சொன்னால் உடம்பு கூடும்போது கைகொடுக்கும்.

முதல் முறையே ஆறு சட்டைக்குத் துணி கொடுத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. ஏற்றுமதி கம்பெனியில் ஃபிட் சாம்பிளுக்கு பையர் கமெண்ட் அனுப்புவார். உற்பத்திக்கு முந்தைய மாதிரியான பிபி சாம்பிள் அப்ரூவலான பிறகே மொத்தமாக, அதாவது பல்க், வெட்டுவார்கள். அதே ஒழுங்கு தையல்கடைக்கும் பொருந்தும். ஒரு சட்டையை மட்டும் தைத்து வாங்கி, மூன்று முறை துவைத்து, ஒரு முழு நாள் போட்டுப் பார்த்து, காலர் இறுக்கமா, கை தூக்கினால் சட்டை பேண்ட்டை விட்டு வெளியே வருகிறதா என்று குறித்துக்கொண்டு போனால், கட்டிங் மாஸ்டர் தன் அளவு அட்டையில் திருத்திக்கொள்வார். மீதியை அதன் பிறகு வெட்டலாம். சூட்டிலும் ஒன்று வந்து சரியான பிறகே இரண்டாவது.

இதற்கெல்லாம் அவகாசம் வேண்டும். தீபாவளி நெருக்கத்திலும் முகூர்த்த மாதங்களிலும் தையல்காரர் கை ஓயாது. கல்யாணங்கள் இல்லாத ஆடியில் கொடுத்தால் ட்ரையலுக்கு நிதானமாக நேரம் ஒதுக்குவார். திருத்திய அட்டையைக் கடையிலேயே பெயர் எழுதி வைத்திருக்கச் சொன்னால் அடுத்த ஆர்டருக்கு இடுப்பையும் வயிற்றையும் மட்டும் மறுபடி அளந்தால் போதும்.