வழித்துணை

வாணிகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்வோர் முற்காலத்தில் கணக்கேடுகளையும் கடிதக் கட்டுகளையும் சுமந்து சென்றனர். அவர்தம் அலுவலகமோ ஊரிலேயே இருந்தது. ஐயம் ஒன்று எழுந்தால், ஊருக்குக் கடிதம் எழுதி விடை வரும்வரை காத்திருந்தனர். இந்நாளில் அலுவலகமே அவர்களுடன் பயணம் செய்கின்றது. இம்மாற்றத்திற்குப் பெருந்துணையாய் நின்ற கருவி மடிக்கணினியாகும்.

இக்கருவி ஒரே நாளில் உருவானதன்று. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘ஆஸ்பர்ன் 1’ என்னும் கணினி விற்பனைக்கு வந்தது. அதனைக் கொணர்ந்த ஆடம் ஆஸ்பர்ன் தம் இளமையைத் திருவண்ணாமலையில் கழித்தவர்; 2003ஆம் ஆண்டில் கோடைக்கானலில் மறைந்தவர். பெட்டி போன்ற அக்கணினியின் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரையின் அளவோ 5 அங்குலமே. அதனை வானூர்தி இருக்கையின் அடியில் வைத்து எடுத்துச் செல்லலாம். ஆயினும், அதனுள் மின்கலம் இல்லை. மின்னிணைப்பு உள்ள இடத்தை அடைந்த பின்னரே அது பணி செய்யும்.

பின்னர்க் கணினியின் எடை குறைந்தது. அது மடித்து மூடும் வடிவம் பெற்றது. 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம் அதற்குப் புதிய ஆற்றல் அளித்தது. இம்மின்கலத்தின் ஆக்கத்திற்காக அறிஞர் மூவர் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும், பழுதுற்ற மின்கலம் தீப்பற்றுதலும் உண்டு. அதனாலேயே உதிரி மின்கலங்களை வானூர்தியின் சரக்கறையில் வைக்க விடுவதில்லை. பயணியர் அவற்றைக் கைப்பையிலேயே வைத்திருத்தல் வேண்டும். அங்குத் தீப்பற்றினும் பணியாளர் விரைந்து கண்டு அணைக்க இயலும்.

மின்கலத்தினும் மேலாகக் காக்கத் தக்கது கணினியில் உள்ள செய்தியாகும். ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். பொறியாளர் ஒருவர் சென்னையிலிருந்து ஐதராபாத்திற்கு இரவுத் தொடர்வண்டியில் செல்கிறார். மறுநாள் காலையில் பாலம் ஒன்றின் வரைபடத்தை அவர் ஒரு குழுவின் முன் விளக்க வேண்டும். ஆறு திங்கள் உழைப்பு முழுதும் மடிக்கணினியில் உள்ளது. வழியில் அது கீழே விழுந்து பழுதாகிவிடுகிறது. வேறு படி இல்லையெனில், அவருடைய உழைப்போடு உடன் பணியாற்றியோர் உழைப்பும் வீணாகும். சட்டைப்பையில் அடங்கும் சேமிப்புக் கருவியில் ஒரு படியும், இணையவழிச் சேமிப்பகத்தில் ஒரு படியும் வைத்திருந்தால், வேறொரு கணினியைக் கொண்டு அவர் பணியை முடித்துவிடுவார்.

கணினி களவு போதலும் உண்டு. வலிய கடவுச்சொல்லால் பூட்டி, செய்திகளை மறையாக்கி வைத்தால், நிறுவனத்தின் மறைபொருள் பிறர் கைக்கு எளிதில் எட்டாது.

புறப்படுமுன் படியெடுத்தல் சிறிது நேரப் பணியே. அச்சிறு பணியைச் செய்தவர்க்குக் கருவி பழுதாயினும் காரியம் கெடாது. கருவியை நம்புதல் நன்று. அதனை மட்டுமே நம்பியிருத்தல் நன்றன்று.