ஐம்பதாயிரம் டாலருக்குள் ஓர் அணி

அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களை ஒட்டி நாள்தோறும் நடைபெறும் ஃபேன்டஸி போட்டிகளில், டிராஃப்ட்கிங்ஸ் நிறுவனத்தின் வழக்கமான முறைப்படி, பங்கேற்பவர் 50,000 டாலர் என்னும் கற்பனைச் சம்பள வரம்புக்குள் பிட்சர் எனப்படும் பந்துவீச்சாளர் இருவரையும் மட்டையாளர் எண்மரையும் தேர்ந்தெடுக்கிறார். அன்றைய உண்மையான ஆட்டங்களில் அவர்கள் காட்டும் திறனே புள்ளிகளாகிறது. நட்சத்திரங்களை மட்டுமே வாங்க அத்தொகை போதாது என்பதால், குறைந்த விலையில் அன்றைக்கு நல்வாய்ப்புள்ள வீரரைக் கண்டறிவதே இத்தேர்வின் உயிர்நாடி.

மட்டை வரிசையில் முன்னே வருபவருக்குக் கூடுதல் முறை ஆடக் கிடைக்கலாம். இடக்கை மட்டையாளர் பொதுவாக வலக்கை பிட்சரை நன்கு எதிர்கொள்கிறார். மைதானமும் முக்கியம்: கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரின் கூர்ஸ் ஃபீல்டில், காற்றின் அடர்த்தி குறைவாதலால் அடித்த பந்து வெகுதூரம் பறக்கிறது, வீசிய பந்தோ போதிய அளவு வளைவதில்லை, 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்தும் அங்கு ரன்கள் குவிவது நிற்கவில்லை.

ஒரே அணியில் அடுத்தடுத்து ஆடுவோரைச் சேர்த்தெடுக்கும் 'ஸ்டாக்கிங்' உத்தி, தேர்வு முறைகளுள் மிகவும் நுட்பமானது. ஒருவர் தளத்தில் நிற்கையில் மற்றவர் ஹோம் ரன் அடித்தால், அடித்தவருக்கு அதற்கான 10 புள்ளிகளோடு, தம் ஓட்டத்துக்கு 2, இருவரையும் ஓடவைத்ததற்கு 4 என மொத்தம் 16 கிடைக்க, தளத்தில் நின்றவருக்கும் ஓட்டத்துக்கான 2 சேர்கிறது. அவ்வணி சோர்ந்தால் அனைவரும் ஒருங்கே சரிவர் என்பதால், பெரும்பரிசை ஆயிரக்கணக்கானோருடன் போட்டியிட்டு வெல்ல நினைப்பவருக்கே இது பொருந்தும்.