ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

நெடுஞ்சாலையில் ஓடும்வரை கார் சமர்த்தாக இருக்கும். டோல்கேட் வரிசையில் நின்றதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறத் தொடங்கும். ஏசிக் காற்றும் வெதுவெதுப்பாகும். வண்டி வேகமெடுத்தால் முள் தானாக இறங்கிவிடும். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் ரேடியேட்டர் ஃபேன்மீது சந்தேகப்படலாம். வேகமாகப் போகும்போது ரேடியேட்டரைக் குளிர்விக்க எதிர்காற்றே போதும். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் அந்த வேலையை ஃபேன்தான் செய்தாக வேண்டும். வேகத்தில் போகும்போதும் சூடு ஏறுகிறது என்றால் கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

அம்பாசிடரில் ஃபேனுக்கு மின்சாரமே கிடையாது. பெல்ட்டில் ஓடியது, எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். 1983-இல் வந்த மாருதி 800 போன்ற கார்களில் எஞ்சினைக் குறுக்காக வைத்தார்கள். பெல்ட் பக்கம் ரேடியேட்டரைப் பார்த்து இல்லாததால் ஃபேனுக்குத் தனி மின்மோட்டார் வந்தது. தேவைப்படும்போது மட்டும் ஓடுவதால் எரிபொருளும் மிச்சம். கூடவே ஃபியூஸ், ரிலே, சென்சார், கப்ளர், எர்த் என்று பழுதாவதற்கு ஐந்தாறு இடங்களும் வந்து சேர்ந்தன. எந்த இடம் என்று பார்க்காமல் மோட்டாரை மாற்றுவதில்தான் பலருக்குப் பணம் வீணாகிறது.

இரண்டு மின்பாதைகள்

ஃபேனுக்கு இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது, மோட்டாரை ஓட்டும் பாதை: பேட்டரி, ஃபியூஸ், ரிலேயின் பாயின்ட், மோட்டார், பாடி எர்த். சாதாரண பெட்ரோல் காரில் இதில் 10 முதல் 20 ஆம்பியர் வரை ஓடும். அதனால்தான் பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, உத்தரவு கொடுக்கும் பாதை. கூலன்ட் சென்சார் சூட்டை எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூவுக்குச் சொல்லும். பல கார்களில் 95 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஈசியூ ரிலே காயிலின் ஒரு முனையை எர்த் செய்யும். காயிலில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. அந்தச் சிறு மின்சாரம் பாயின்டை இழுத்து, பெரிய மின்சாரத்துக்கு வழி விடுகிறது. பழைய கார்களில் ஈசியூவுக்குப் பதிலாக ரேடியேட்டரிலேயே ஒரு தெர்மோ சுவிட்ச் இருக்கும்.

பழுது எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கை வைக்கும் முன்

சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று ஓடும். துண்டு, துப்பட்டா, விரல் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் கொதித்துப் பீறிட்டு வரும்.

முதல் சோதனை: ஏசியைப் போடுங்கள்

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால், பல கார்களில் எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்காமல் ஃபேன் ஓடத் தொடங்கும். ஒரே ஃபேன் உள்ள காரில் அப்படி ஓடினால் மோட்டார், ஃபியூஸ், ரிலே, எர்த் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பொருள். சூட்டைச் சொல்லும் சென்சார் பக்கம் தேடுங்கள். இரண்டு ஃபேன் உள்ள காரில் ஏசிக்கென்று தனி ரிலே இருக்கலாம், ஆகவே எது ஓடுகிறது என்று பாருங்கள். ஏசியில் கேஸ் குறைந்திருந்தாலும் ஃபேனுக்கு உத்தரவு வராமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது சோதனை: ரிலேயைக் கழற்றுங்கள்

முதலில் ஃபியூஸைப் பாருங்கள். நன்றாக இருந்தால், அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஃபேன் ஓடிவிட்டால் ரிலேதான் பழுது.

ஓடவில்லையென்றால் ரிலேயைக் கழற்றிவிட்டு சாக்கெட்டில் சோதிக்க வேண்டும். பல ரிலேகளின் அடியில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 மோட்டாருக்குப் போவது, மற்ற இரண்டும் காயிலின் முனைகள். ஃபியூஸ் வைத்த தடித்த ஒயரால் சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் இணைத்தால் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றினால் பழுது உத்தரவுப் பாதையில் இருக்கிறது. சுற்றவில்லையென்றால் மோட்டார் பாதையில் இருக்கிறது. எந்தத் துளை எது என்று ஒயரிங் படத்தில் உறுதிசெய்த பிறகே ஒயரை நுழையுங்கள். தப்பான துளையில் 12 வோல்ட் போனால் ஈசியூ போய்விடும்.

மீட்டரில் 12 வோல்ட், ஆனால் ஃபேன் ஓடாது

அனுபவசாலிகளையும் ஏமாற்றும் இடம் இது. மோட்டாரின் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். "கரன்ட் வருது, மோட்டார்தான் போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். புது மோட்டார் போட்டாலும் ஓடாது.

மீட்டர் தன் வழியாக எடுத்துக்கொள்வது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். பச்சை பூத்து ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் ஒயர்கூட அவ்வளவைத் தாராளமாகக் கொடுத்துவிடும். 15 ஆம்பியர் கேட்கும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். ஆகவே பாரம் ஏற்றித்தான் அளக்க வேண்டும். எளிய வழி, பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு. கழற்றிய கப்ளரின் இரு முனைகளுக்கும் நடுவே அதை இணையுங்கள். நான்கரை ஆம்பியர் இழுக்கும் பல்பு பளிச்சென்று எரிந்தால் ஒயரும் எர்த்தும் பெரும்பாலும் சரி. மங்கலாக எரிந்தாலோ எரியாமலே போனாலோ மோட்டாரைத் தொடாதீர்கள். பழுது வழியில் இருக்கிறது.

எந்த வழியில் என்று அறிய, கப்ளரைத் திரும்ப மாட்டி, ஃபேனுக்கு உத்தரவு கொடுத்துவிட்டு இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவுக்கும் மோட்டாரின் எர்த் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பலவீனம். 12 வோல்ட்டே காட்டினால் எர்த் அறுந்தே விட்டது. அதேபோல பேட்டரியின் பாசிட்டிவுக்கும் மோட்டாரின் பாசிட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டைத் தாண்டினால் ஃபியூஸ் பிடி, ரிலே பாயின்ட், கப்ளர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 15 ஆம்பியர் ஓடும் கப்ளரில் 2 வோல்ட் தொலைந்தால் அங்கே 30 வாட் சூடு உண்டாகிறது. கப்ளரின் பிளாஸ்டிக் பழுத்து உருகுவது அப்படித்தான்.

கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் பாடி எர்த் போல்ட்டைத் துருவேற்றும். கழற்றிச் சுரண்டி இறுக்கினாலே சில ஃபேன்கள் உயிர்பெறும். பார்க்கிங்கில் எலி கடித்த ஒயரும் அடிக்கடி அகப்படும்.

மோட்டார்தான் என்று எப்போது சொல்லலாம்?

பல்பு பளிச்சென்று எரிந்து, மோட்டார் மட்டும் சுற்றவில்லையென்றால் அது மோட்டார் பழுதுதான். சாவியை எடுத்து, ஃபேன் ஃபியூஸையும் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங் போயிருக்கும். ஃபியூஸைத் திரும்பப் போட்டு ஃபேனுக்கு உத்தரவு கொடுத்த பிறகு, மோட்டாரின் உடலை லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்குகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

ஃபியூஸ் போகும் விதமும் சேதி சொல்லும். போட்டவுடனே போனால் ஒயர் எங்கோ ஷார்ட் ஆகிறது. சிறிது நேரம் ஓடிவிட்டுப் போனால் இறுகிய மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. எப்படியானாலும் 30 இருந்த இடத்தில் 50 போடக் கூடாது. ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

மெதுவேகம் இல்லை, அல்லது நிற்கவே இல்லை

இரண்டு வேகம் உள்ள ஃபேனில், பல கார்களில் மெதுவேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது எரிந்தால் மெதுவேகம் போய், சூடு எல்லை மீறிய பிறகு முழுவேகத்தில் மட்டும் ஃபேன் அலறும். வேறு சில கார்களில் இரண்டு மோட்டார்களையும் தொடராக இணைத்து ஆளுக்கு ஏறக்குறைய 6 வோல்ட் கொடுப்பார்கள். அங்கே ஒரு மோட்டார் போனாலும் மெதுவேகத்தில் இரண்டுமே நிற்கும்.

சாவியை எடுத்து நெடுநேரம் ஆகியும் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலேயைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் காலையில் பேட்டரி காலி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்தவுடன் ஓடினால் சென்சார் ஒயரைப் பாருங்கள். சூடு எவ்வளவு என்று தெரியாதபோது ஈசியூ பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டும்.

சென்சாரைச் சோதிக்க ஸ்கேனர் போதும். இரவெல்லாம் நின்ற காரில் கூலன்ட் சூடு வெளிச்சூட்டை ஒட்டியே இருக்க வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும். பி0118 என்ற கோடும் அதைத்தான் சொல்லும். பி0480 என்றால் ஃபேன் ரிலேயின் உத்தரவுப் பாதை. பழைய தெர்மோ சுவிட்ச் காரில் சாவியைப் போட்டு, சுவிட்சின் இரு ஒயர்களையும் இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் சுவிட்சை மாற்றலாம். ஆனால் அதற்கு முன் கூலன்டைப் பாருங்கள். அளவு குறைந்து, சென்சார் காற்றில் நின்றால் அது சூட்டைச் சரியாக உணராது.

"டைரக்ட் கொடுத்துடலாமா சார்?"

பழுது பிடிபடாதபோது ஒர்க்‌ஷாப்பில் வரும் கேள்வி இது. சாவி போட்டதும் ஃபேன் ஓடும்படி நேரடி ஒயர் இழுத்துவிடுவார்கள். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர அது உதவும், அதுவும் ஃபியூஸும் ரிலேயும் வைத்திருந்தால். இக்னிஷன் சுவிட்சிலிருந்தே இழுத்தால், 15 ஆம்பியரைத் தாங்காத சுவிட்ச் உருகும், ஒயர் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. நிரந்தரமாக வைத்தால் மோட்டார் ஓயாமல் ஓடிச் சீக்கிரம் தேயும். அடுத்த முறை அது நின்றால் எச்சரிக்க ஈசியூவுக்கும் வழி இருக்காது.

எலக்ட்ரீசியனிடம் "ஃபேன் மாத்துங்க" என்று சொல்லாதீர்கள். ஏசி போட்டால் ஓடுகிறதா, ரிலேயை பைபாஸ் செய்தால் ஓடுகிறதா, கப்ளரில் பல்பு எரிகிறதா என்று மூன்றையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு புது மோட்டாருக்குப் பணம் கொடுங்கள்.