29 விநாடியில் வெற்றி பறிபோனது!
தவழ்ந்து வந்து பந்தயத்தை முடித்த மாணவி

அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய் தீவில் "அயர்ன்மேன்" என்று ஒரு பந்தயம். கடலில் 3.8 கிலோ மீட்டர் நீச்சல். கரை ஏறியதும் 180 கிலோ மீட்டர் சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கினால் 42 கிலோ மீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில்! கேட்கும்போதே மூச்சு வாங்குகிறதா?

1982 பிப்ரவரியில் இதில் குதித்தார், ஜூலி மாஸ். வயது 23. கலிபோர்னியா கல்லூரி மாணவி. பெரிய வீராங்கனை எல்லாம் இல்லை. படிப்புக்கு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அதற்காகத்தான் வந்தார். பரிசுப் பணம் சல்லிக்காசு கிடையாது.

ஆனால் ஓட்டத்தில், பெண்களில் முதலாவதாக வந்து கொண்டிருந்தது அவர்தான்!

கால்கள் பின்னின

கடைசிக் கட்டத்தில் கால்கள் பின்னின. மணிக்கணக்கில் ஓடினால் தசையில் சேர்ந்துள்ள சர்க்கரைச் சத்து தீர்ந்து போகும். அப்புறம் மனசு சொன்னாலும் கால் கேட்காது.

ஜூலி விழுந்தார். எழுந்தார். தள்ளாடி நடந்தார். மறுபடி விழுந்தார்.

எல்லைக்கோடு கண் எதிரே! அந்த நேரம் பார்த்து, பின்னால் வந்த கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் ஜெயித்து விட்டார்.

ஜூலி அப்படியே படுத்து விடவில்லை. கையை ஊன்றித் தவழ்ந்தார். கோட்டைத் தொட்டார். 11 மணி நேரத்துக்கும் மேல் நடந்த போட்டியில் வித்தியாசம் வெறும் 29 விநாடி!

டெலிவிஷனில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் மார்க் ஆலன் என்ற வாலிபரும் ஒருவர். அதே ஆண்டு அக்டோபரில் அவரும் ஹவாய் போட்டியில் இறங்கினார். பிறகு 6 தடவை பட்டம் வென்றார். ஜூலியைக் கலியாணமும் செய்து கொண்டார். பின்னாளில் இருவரும் பிரிந்து விட்டார்கள்.