ஏரியும் நாற்பது சீட்டும்

நியூஜிலாந்தின் வடதீவில் ரோட்டோருவா என்றோர் ஏரி இருக்கிறது. பூமி பிளந்து விலகிவரும் பள்ளத்தாக்கில், 2 லக்ஷத்துக்கு மேற்பட்ட வருஷங்களுக்கு முன் எரிமலையொன்று வெடித்து உள்வாங்கிய குழியே அது. வடகரையிலுள்ள ஹமுரானா ஊற்றினின்று மணிக்கு 40 லக்ஷம் லிட்டருக்கு மேல் பளிங்கு போன்ற ஜலம் பொங்குகிறது. கோடையில் ஏரி வெதும்பும்போது மீன்கள் குளிர்ச்சி நாடி அவ்வோடை முகத்தில் குழுமுகின்றன.

ஏரிக்கு உரியவர்கள் டெ அராவா என்னும் மாவோரி வகுப்பினர். பெரணித் தழையைக் கட்டுக் கட்டாகக் கயிற்றில் பிணைத்து ஏரியடியில் இறக்கிவிடுவார்கள். கோவுரா என்னும் நன்னீர் இறால் அதில் வந்து குடியேறும். சில வாரங்கள் கழித்துக் கட்டை உயர்த்தி, அடியில் வலையேந்தி உதறினால் போதும். தூண்டிலும் வேண்டாம், இரையும் வேண்டாம். இதைவிடச் சாதுரியமான மீன்பிடிப்பை நாம் கேட்டதில்லை.

பின்னர் வெள்ளையர் தம் விளையாட்டுக்காக டிரௌட் மீனைக் கொண்டுவந்து விட்டனர். (நமது நீலகிரி ஓடைகளிலும் அதையே செய்தார்கள்.) அம்மீன் கோவாரோ முதலிய சுதேச மீன்களைத் தின்று அருகச் செய்தது. உணவிழந்த ஜனங்கள் டிரௌட்டையே பிடிக்கப் போனாலோ, லைசென்ஸ் எங்கே என்று வழக்கு! 1922-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஏரிகளின் அடித்தளம் சர்க்காருக்கு; டெ அராவாவுக்கு வருஷம் 6,000 பவுனும் 40 மீன்பிடி லைசென்ஸுகளும். தம் சொந்த ஏரியில் மீன்பிடிக்க ஒரு வகுப்பு முழுவதற்கும் நாற்பது சீட்டு!

2006-இல் சட்டமியற்றி 13 ஏரிகளின் அடித்தளத்தைத் திருப்பித் தந்தார்கள். சட்டத்தைக் கூர்ந்து வாசிப்பவருக்கு இன்னொன்றும் தெரியும்: ஜலம் நிற்கும் இடமும் அதன்மேலுள்ள ஆகாயமும் சர்க்காருடையவையாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அடிச்சேறு வந்தது, மீன் நீந்தும் இடம் வரவில்லை. இதனை முழு நியாயமென்று நாம் ஒப்பமாட்டோம்.

பெரணிக் கட்டுகளோ மறுபடியும் ஏரியில் இறங்குகின்றன. கோவுராவைக் கணக்கெடுக்க விஞ்ஞானிகளே இந்தப் பழைய முறையைக் கைக்கொண்டிருக்கிறார்கள்.