பழுது ஓரிடம், பழி வேறிடம்

சென்ற பொங்கல் விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்பும் வேளையில், நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் மக்கர் செய்தது. பட்டியல் மைக்ரோசாஃப்ட் அக்சஸில் உள்ளது. பின்கோடின் முதல் 3 இலக்கங்களை 'லெஃப்ட்' ஃபங்ஷனால் பிரித்தெடுத்துத்தான் முகவரிகளை அடுக்குவேன். புதிய கம்ப்யூட்டரில் ஏற்றியதும் 'அன்டிஃபைண்டு ஃபங்ஷன்' என்று நின்றுவிட்டது. 400 குடும்பங்களின் முகவரியையும் மறுபடி டைப் செய்துவிடலாம் என்றார் நண்பர் ஒருவர்.

சிக்னல் சிவப்பிலேயே நின்றால் ரயில்வேயில் விளக்கை மாற்றமாட்டோம். டிராக் சர்க்கியூட்டைச் சோதிப்போம். இங்கும் அதே கதைதான். அக்சஸ் ஃபைல் சில லைப்ரரி ஃபைல்களை நம்பி இயங்குகிறது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஒன்று புதியதில் இல்லை. அந்த ஒன்று இல்லாததால், ஒரு குற்றமும் செய்யாத 'லெஃப்ட்', 'டேட்' போன்றவையும் அகப்படாமல் போகின்றன.

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்தி, டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸைத் திறங்கள். 'மிஸ்ஸிங்' என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு டீபக் மெனுவில் கம்பைல் கொடுங்கள். அந்த லைப்ரரி உண்மையிலேயே தேவையென்றால் கம்பைல் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அப்போது அதைப் புதிய கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டும்.

நாமே எழுதிய ஃபங்ஷன் என்றால், மாட்யூலுக்கும் அதே பெயர் வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். இருந்தால் மாட்யூலின் பெயரை மாற்றினால் போதும்.

எனக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று. அழைப்பிதழ்கள் அன்று மாலையே தபாலில் சேர்ந்தன.