வெள்ளிக்கிழமை கேட்ட போவி

2016 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை. ராக் பாடகர் டேவிட் போவிக்கு அன்று 69 வயது நிறைந்தது. அவருடைய ‘பிளாக்ஸ்டார்’ ஆல்பம் வெளிவந்ததும் அன்றுதான். அட்டையில் அவர் முகம் இல்லை. ஒரு கறுப்பு நட்சத்திரம், அதன் கீழே உடைந்த நட்சத்திரத் துண்டுகள். உற்றுப் பார்த்தால் அந்தத் துண்டுகளே சேர்ந்து ‘போவி’ என்று எழுத்தாகின்றன.

ஏழு பாட்டுகள், சுமார் 41 நிமிடம். முதல் பாட்டு மட்டுமே ஏறத்தாழ பத்து நிமிடம் ஓடுகிறது. பழைய ராக் பாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்த ரசிகரை முதலில் உலுக்கியது டானி மெக்காஸ்லினின் சாக்ஸபோனும், மார்க் கிலியானாவின் நிலைகொள்ளாத டிரம்ஸும்தான். நியூயார்க்கின் ‘55 பார்’ என்ற சிறிய கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த ஜாஸ் குழு அது. போவி அங்கே நேரில் போய்க் கேட்டுவிட்டு, அவர்களையே ஸ்டூடியோவுக்கு அழைத்துக்கொண்டார். சிறுவயதில் அவர் ஆசைப்பட்டுக் கற்ற வாத்தியம் சாக்ஸபோன் என்பது தீவிர ரசிகருக்குத் தெரியும். மனுஷர் தொடங்கிய இடத்துக்கே திரும்பி, அங்கிருந்து புதிதாய் ஒரு வழி பிடித்திருக்கிறார் என்ற பூரிப்பு அந்த வார இறுதி முழுவதும் இருந்தது.

ஆல்பத்தின் ‘லாசரஸ்’ பாட்டையும் அப்படித்தான் கேட்டார்கள். லாசரஸ், தமிழ் பைபிளின் லாசரு: இறந்து நான்காம் நாள் உயிரோடு எழுந்தவர். முந்தைய மாதம்தான் அதே பெயரில் போவியின் இசை நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியிருந்தது. அதன் நாயகன் தாமஸ் நியூட்டன், பூமியில் சிக்கிக்கொண்ட வேற்றுக்கிரகவாசி. 1976-இல் வந்த திரைப்படத்தில் போவியே நடித்த பாத்திரம். ஆகவே பாட்டில் சாவைப் பற்றிப் பேசுபவன் நியூட்டன் என்றே எடுத்துக்கொண்டார்கள். வீடியோவில் கண்களைத் துணியால் கட்டி, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பொத்தான்களோடு, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர் போவிதான். அதுவும் அவர் போட்ட இன்னொரு வேஷம் என்று நினைத்தார்கள். ஜிகி ஸ்டார்டஸ்ட் முதல் எத்தனை வேஷம் பார்த்தவர்கள்!

ஞாயிற்றுக்கிழமை போவி இறந்தார். திங்கள் காலை செய்தி வந்தது. பதினெட்டு மாதமாகப் புற்றுநோயோடு இருந்திருக்கிறார்; வெளியே யாருக்கும் தெரியாது. இந்த ஆல்பம் ரசிகர்களுக்கு அவர் விட்டுச்சென்ற பிரிவுப் பரிசு என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. போவி பிறந்த லண்டன் பிரிக்ஸ்டனில், அவருடைய சுவரோவியத்தின் அடியில் பூ குவிந்தது.

அன்று முதல் இந்த ஆல்பத்தை மரண சாசனமாக மட்டுமே பேசுகிறார்கள். அது போதாது. கடைசிப் பாட்டில் ஒரு ஹார்மோனிகா வருகிறது. 1977-இன் ‘லோ’ ஆல்பத்தை மனப்பாடமாய் வைத்திருப்பவருக்குச் சட்டென்று பிடிபடும் ஒலி அது; புது ஊரில் புது வேலை தொடங்குவதைப் பெயரிலேயே சொல்லும் பாட்டிலிருந்து எடுத்தது. அதை வெள்ளிக்கிழமை கேட்டுச் சிலிர்த்த காது தவறாகக் கேட்கவில்லை. நோயாளி ஒருவர் விடைபெற்றது உண்மை. தேர்ந்த கலைஞர் ஒருவர் ஆசை ஆசையாய்ப் புது வேலை செய்ததும் அதே அளவு உண்மை.

சில மாதம் கழித்து ரசிகர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். ஜொனதன் பார்ன்புரூக் வடிவமைத்த அந்த எல்.பி. அட்டையை விரித்து வெயிலில் பிடித்தால், வெறும் கறுப்பாக இருந்த உட்பக்கத்தில் வானம் நிறைய நட்சத்திரங்கள் தெரிகின்றன.